அறுபத்தோராயிரம் ரூபாய்ச் சேலை

மகுடேஸ்வரன் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு சேலை இருக்கிறது. மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. திருப்பூரில் எந்த ஜவுளிக்கடையில் கேட்டாலும் இரண்டாயிரத்துக்குக் கொடுத்து, கூடவே ஒரு கட்டைப்பையும் இலவசமாகத் தருவார்கள். அதை அவர் அறுபத்தோராயிரம் ரூபாய்க்கு வாங்கினார். யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கையைத் தூக்கித் தூக்கி அவராகவேதான் வாங்கினார். அன்றிலிருந்து அந்த பீரோவை அவர் திறப்பதில்லை. சட்டை வேண்டுமென்றால் மனைவி சாந்தாமணிதான் எடுத்துத் தர வேண்டும்.

ஒரு பொருளை அநியாய விலைக்கு வாங்கிவிட்ட மனிதருக்கு ஆறுதல் தேட எத்தனையோ வழிகள் உண்டு. கடைக்காரனைத் திட்டலாம். திருப்பிக் கொடுக்கப் பார்க்கலாம். பாதி விலைக்காவது யார் தலையிலாவது கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மொட்டையடித்துவிட்டார்கள் என்று வாய்விட்டுப் புலம்பலாம். மகுடேஸ்வரனுக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஏனென்றால் அது மாரியம்மன் கட்டியிருந்த சேலை. அதற்குக் கொடுத்த காசை நினைத்து மனம் வெந்துபோகிறது என்று அவர் சொன்னால், முதலில் வாயைப் பொத்துகிறவள் சாந்தாமணியாகத்தான் இருப்பாள்.

மண்ணரையில் ஒரு சந்துக்குள் தகரக்கூரை போட்ட கட்டடத்தில் எட்டு மெஷின் வைத்து அவர் பனியன் தைத்துக் கொடுக்கிறார். பெரிய கம்பெனிகள் வெட்டிய துணியை மூட்டையாக அனுப்பும். இவர் ஆட்களை வைத்துத் தைத்து, பிசிறு வெட்டி, மடித்துத் திருப்பி அனுப்புவார். ஊர்ப்பக்கம் போனால் பனியன் கம்பெனி முதலாளி என்பார்கள். சனிக்கிழமை காலையில், வாரச் சம்பளத்துக்குப் பணம் புரட்ட அவர் அலைகிற நேரத்தில் வந்து பார்த்தால், இவர் முதலாளியா, முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்க வந்தவரா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. சம்பளத்தை ஒரு வாரம்கூட இழுத்தடித்ததில்லை. பெண்களிடம் மரியாதை குறைத்து ஒரு சொல் பேசியதில்லை. அதனால்தான் அங்கே வேலை செய்யும் பெண்களில் சிலர் தீபாவளி போனஸை வாங்கிய கையோடு அவரிடமே திருப்பிக் கொடுத்து வைப்பார்கள். அந்தச் சந்தில் அது புதிதல்ல. வங்கி இருக்கிறதே என்று கேட்கலாம். பாஸ்புத்தகம் வீட்டில் கிடக்கும், ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருக்கும். முதலாளியிடம் இருக்கிற பணம் மட்டும்தான் வீட்டில் யார் கண்ணிலும் படாது.

அப்படிக் கொடுத்து வைத்தவர்களில் ஒருத்தி நூர்ஜான். தைத்து வரும் உருப்படிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற செக்கிங் மேஜையில் பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறவள். அவள் கணவன் கியாசுதீன் நல்ல மனுஷன்தான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, வியாபாரம் செய்வதைத் தவிர. வருஷத்துக்கு ஒன்று ஆரம்பிப்பான், அதே வருஷத்துக்குள் மூடுவான். செல்போன் கவர், காடை வளர்ப்பு, பழச்சாறு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். அவன் கண்ணில் பட்ட காசு மறுநாளே முதலீடாகிவிடும். எனவே ஏழெட்டு தீபாவளிப் பணத்தை நூர்ஜான் அவனுக்குத் தெரியாமல் மகுடேஸ்வரனிடம் சேர்த்து வைத்திருந்தாள். மகள் அனம் பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் சேர்ப்பதற்காக.

அனம் முடித்தாள். கோயம்புத்தூர் ரோட்டில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் அவளுக்கு இடமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் வருஷக் கட்டணம் அறுபதாயிரத்தைக் கட்டிவிட வேண்டும், கட்டாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கிற பெண்ணுக்குப் போய்விடும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை மகுடேஸ்வரன் வங்கிக்குப் போய் அவளுடைய அறுபதாயிரத்தை எடுத்து, ஒரு பழுப்புக் கவரில் போட்டு, தோள்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஊர்ல நோம்பி அம்மிணி. போயிட்டு வெள்ளிக்கெழம காலைல குடுத்தர்றேன். நேரா போயிக் கட்டிப் போடுங்க" என்றார்.

"உங்ககிட்ட இருந்தா எங்கிட்ட இருந்த மாதிரிங்ணா" என்றாள் நூர்ஜான்.

நோம்பி என்றால் அந்தப் பக்கத்தில் திருவிழா. அவருடைய ஊர் குன்னத்தூருக்கு மேற்கே ஒரு சின்னக் கிராமம். பொங்கல் வைத்து, மாவிளக்கு எடுத்து, மறுநாள் மஞ்சள் நீராடி முடிந்ததும் மத்தியானம் கோயில் முன்னால் ஏலம் நடக்கும். அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம், தேங்காய், கடைசியாக அம்மன் கட்டியிருந்த சேலை. சாமி பொருள் என்பதால் விலை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். போன வருஷம் சேலை பன்னிரண்டாயிரத்துக்குப் போனது, அதையே ஆறு மாதம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகுடேஸ்வரன் ஏலம் எடுக்கப் போகவில்லை. பந்தலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத்தான் போனார். எதிர்வரிசையில் பங்காளி கிட்டுசாமி உட்கார்ந்திருந்தார். இருபது வருஷத்துக்கு முன் தன் பங்குக் காட்டை இந்தக் கிட்டுசாமிக்கு விற்றுத்தான் மகுடேஸ்வரன் மெஷின் வாங்கினார். அந்தக் காட்டில் இப்போது தென்னை நிற்கிறது. கிட்டுசாமி ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அந்த மனிதர் நோம்பிக்கு நோம்பி இளநீர் வெட்டிக் கொடுத்து, "குடி மகுடு, நம்ம காட்டு எளநி" என்பார். அந்த 'நம்ம' என்ற சொல்லோடு மகுடேஸ்வரனுக்கு இளநீர் கசக்கும்.

கோயில் கமிட்டித் தலைவர் திருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். "அம்மன் சேலை அஞ்சாயிரம்! கேக்கறவங்க கேக்கலாமுங்க!"

ஆறு, எட்டு, பத்து என்று போனது. பதினைந்தில் கிட்டுசாமி மட்டும் நின்றார். திருமூர்த்தி சிரித்துக்கொண்டே பந்தலைச் சுற்றிப் பார்த்தார். "டவுன்ல இருந்து நம்ம மகுடேஸ்வரன் வந்திருக்காப்ல. அம்மனுக்கு ஒரு வார்த்த கேக்க மாட்டாருங்களா?"

எல்லாத் தலையும் திரும்பியது. மகுடேஸ்வரன் கையைத் தூக்கினார். பதினாறு. ஒரு மரியாதைக்குத்தான். கிட்டுசாமி இருபது என்றார். இவர் இருபத்தொன்று. ஒவ்வொரு தொகைக்கும் மேளம் ஒரு தட்டுத் தட்டியது. மகன் தரணீதரன் பின்னாலிருந்து விசிலடித்தான். முப்பதைத் தாண்டியபோது சாந்தாமணி பெண்கள் பக்கமிருந்து கையால் சைகை காட்டினாள். அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல இருந்துகொண்டார். கிட்டுசாமி சேலையைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வெற்றிலைச் சிரிப்போடு தொகையை ஏற்றிக்கொண்டே போனார். மகுடேஸ்வரனுக்கு வெறி தலைக்கேறிவிட்டது. காட்டை விற்றுவிட்டுப் போனவன் என்று இந்த ஊர் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பதை ஒரே மத்தியானத்தில் துடைத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. யார் அப்படி நினைத்தார்கள் என்று கேட்டால் அவரால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாது.

கிட்டுசாமி அறுபது என்றார். இவர் அறுபத்தொன்று. கிட்டுசாமி கையை உதறி, "எடுத்துக்கட்டும், எடுத்துக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். மேளம் கொட்டியது. மாலை விழுந்தது.

இங்கேயாவது அவர் தப்பித்திருக்கலாம். ஏலத் தொகையை அடுத்த நோம்பிக்குள் கொடுத்தால் போதும் என்பது அந்த ஊரில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். திருமூர்த்தியும் அதைத்தான் சொன்னார். "பணத்துக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. அடுத்த நோம்பிக்குள்ள பாத்துக்கலாம்."

"ஆமாப்பா, மெதுவாக் குடுக்கட்டும்" என்றார் கிட்டுசாமி. "பனியன்காரங்களுக்கு பேமெண்ட் வந்தாத்தான காசு."

அதில் விஷம் ஒன்றும் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் பந்தல் முழுக்கச் சிரித்துவிட்டது. மகுடேஸ்வரன் தோள்பையைத் திறந்து பழுப்புக் கவரை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து இன்னும் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அதன்மேல் வைத்து, மேஜையில் தள்ளினார். "ரொக்கமா எண்ணி வெச்சுட்டாரு நம்ம மகுடேஸ்வரன்!" என்று மைக் அலறியது. அந்தக் குரல் கேட்ட அரை நிமிஷம் அவர் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான அரை நிமிஷம். அதற்கு அவர் கொடுத்த விலை எவ்வளவு என்று அப்போது அவருக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பழைய ஆம்னி வேனில் சாந்தாமணி முன்சீட்டில் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாசம் வண்டி முழுக்க நிறைந்திருந்தது. அவிநாசி தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கவரு நூருவோடதல்லங்க?"

"தெரியும்."

"நாளைக்குக் கட்டோணும்னு சொன்னாளே."

"பாத்துக்கலாம், உடு."

எங்கே பார்த்துக்கொள்வது? வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து உட்கார்ந்தார். வேலை கொடுக்கிற கம்பெனியில் திங்கட்கிழமைக்கு முன்னால் பணம் இல்லை என்றார்கள். நகைகள் போன வருஷமே வங்கிக்குப் போய்விட்டன. தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கஷ்டத்தைச் சொன்னார்கள். கடைசியில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. திருமூர்த்தி. 'அண்ணா, ஒரு அவசரம். வழக்கப்படி அடுத்த நோம்பிக்குள்ள தந்தர்றேன், இப்ப அந்தப் பணத்தத் திருப்பிக் குடுங்க' என்று சொன்னால் போதும். திருமூர்த்தி ஒரு வார்த்தை மறுத்திருக்க மாட்டார். இவர் போகாவிட்டால் யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்பார். பெயரை எடுத்து அமுக்கினார், மணி அடிப்பதற்குள் துண்டித்தார். மறுபடி அமுக்கினார், மறுபடி துண்டித்தார். ரொக்கமாக எண்ணி வைத்த மகுடேஸ்வரன் சாயங்காலமே போன் போட்டுத் திருப்பிக் கேட்டான் என்று நாளைக்கு அந்தப் பந்தலே பேசும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இன்றுவரை அவரை அரிக்கிறது அந்த அறுபத்தோராயிரம்கூட அல்ல. செய்யாமல் விட்ட அந்த ஒரு போன்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி திறக்கிற நேரத்துக்கு நூர்ஜான் வந்து நின்றாள். நல்ல துணி உடுத்தியிருந்தாள். சந்து முனையில் அனம் சர்டிபிகேட் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"அம்மிணி, பேங்க்ல என்னமோ லாக் ஆயிப்போச்சு. செவ்வாக்கெழமதான் எடுக்க முடியுமாமா. காலேஜ்ல நாலு நாளு பொறுக்கச் சொல்லிப் பாக்கலாமா?"

நூர்ஜான் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரிங்ணா, கேட்டுப் பாக்கறனுங்க" என்று திரும்பினாள். வாசலுக்குப் போனவள் நின்று, "நீங்க காலைல சாப்ட்டீங்களா? மொகமே சரியில்லீங்களே" என்றாள். அவள் நம்பிவிட்டாள் என்று மகுடேஸ்வரன் எடுத்துக்கொண்டார். அவள் நம்பியதை நினைத்துத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல அவருக்கு இருந்தது.

கல்லூரியில் பொறுக்கவில்லை. இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விட்டது.

பணத்தை அவர் பத்து நாளில் கொடுத்துவிட்டார். ஓவர்லாக் மெஷின் ஒன்றை விற்றுக் கொடுத்தார். மேலே ஐயாயிரம் சேர்த்துக் கொடுத்ததை நூர்ஜான் எண்ணிப் பிரித்து, "இது என்னுது இல்லீங்ணா" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோயிருக்கக் கூடாது. கியாசுதீன் கண்ணில் பட்டுவிட்டது. மகளுக்குத்தான் இந்த வருஷம் காலேஜ் இல்லையே, சும்மா கிடக்கிற காசுதானே என்று ஒரு ஷவர்மா வண்டி போட்டான். ஆடி பிறப்பதற்குள் வண்டியும் போனது, காசும் போனது.

ஒரு திங்கட்கிழமை நூர்ஜான் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஊட்ல ஒக்காந்து அழுதுட்டே இருக்காளுங்ணா. இங்க வந்து பிசிறு வெட்டட்டும். நாலு பேரோட இருந்தா மனசு மாறும்."

வேண்டாம் என்று சொல்ல எந்த வாயை வைத்துச் சொல்வது? "உக்காரு கண்ணு" என்றார்.

அனம் உட்கார்ந்த இடம் அவர் மேஜைக்கு நேர் எதிரே. தைத்த பனியனில் தொங்குகிற நூல் துணுக்குகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிப் போடுகிற வேலை. டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். ஏழு மெஷின் ஓடுகிற இரைச்சலில் அது யார் காதிலும் விழாது. மகுடேஸ்வரன் காதில் மட்டும் விழுந்தது. வீட்டில் சோற்றைப் பிசையும்போது விழுந்தது. பைக்கை நிறுத்தி சாவியைத் திருகியதும், என்ஜின் அடங்கிய அமைதியில் விழுந்தது. காதில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போனார். காது நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் டெய்லர் பழனிமுத்துவின் விரலில் ஊசி ஏறிவிட்டது. ஆணி அடித்த மாதிரி நகத்தைத் துளைத்து நின்றது. ஆண்களே அலறி விலகினார்கள். அனம்தான் ஓடிவந்து மெஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே ஏற்றி, அவன் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்திக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்ணா, என்னையப் பாருங்க, வெரலப் பாக்காதீங்க" என்று பேசிக்கொண்டே கட்டினாள். அன்றிலிருந்து எல்லோரும் அவளை நர்ஸம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான், பிரியமான கேலி. அவளும் சிரித்துக்கொள்வாள். அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் மகுடேஸ்வரன் போன் வந்தது போல வெளியே போய்விடுவார். சந்தில் நின்று கொஞ்ச நேரம் காதில் வெறும் போனை வைத்துக்கொண்டிருந்துவிட்டு வருவார்.

ஆடி வெள்ளி ஒன்றில் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றி நிமிர்ந்தார். விளக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் சேலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அரக்குக் கரை தரையில் விரிந்து கிடந்தது. மஞ்சளும் வேப்பிலையுமாக வாசம். சுவரைப் பிடித்துக்கொண்டு, "தாயே, நான் குடுத்தர்றேன், குடுத்தர்றேன்" என்றார்.

சாந்தாமணி திரும்பினாள். "ஏனுங்க, என்னாச்சுங்க? நான்தானுங்க. நல்ல நாளாச்சேன்னு அம்மன் சேலையக் கட்டினேன்."

"அதக் கழட்டு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

சாந்தாமணி பயந்துபோய் மாற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் மனசுக்குள் ஓடாமல் இல்லை. "அம்மனுக்குக் குடுத்ததை நெனச்சு நீங்க வருத்தப்படறீங்க. அது அம்மனுக்குத் தெரியாதுங்களா? நம்ம புள்ளைக்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டே இருக்கறனுங்க" என்று அழுதாள். வருத்தப்படாமல் இருக்கவும் முடியவில்லை, வருத்தப்படுவதே பாவம் என்றும் பயமாக இருந்தது. அனத்தின் முகம் ஒரு பக்கம், அம்மனின் முகம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்த மனிதர் ஒரு சுற்று இளைத்துப்போனார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் கிட்டுசாமியைத் தென்னந்தோப்பிலேயே பிடித்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். "அண்ணா, அன்னிக்கு நீங்க அந்தச் சேலைக்கு அவ்வளவு ஆசப்பட்டீங்க. நீங்களே வெச்சுக்குங்க. பாதி குடுத்தாப் போதும்." அந்தப் பாதியையாவது அனத்தின் படிப்புக்கு என்று நூர்ஜானிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

கிட்டுசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கெதுக்குடா மகுடு சேலை? உங்க அண்ணிக்குக் கட்ட ஆசையில்ல, எனக்கு எடுக்க ஆசையில்ல. கோபுர வேல பாதில நிக்குதுன்னு திருமூர்த்தி ஏத்திவிடச் சொன்னாப்ல. இருபதோட நிறுத்தலாம்னுதான் இருந்தேன். உம்மொகத்தப் பாத்தேன், நீ விடற மாதிரி தெரியல. செரி, அம்மனுக்குத்தானன்னு ஏத்திவிட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "விக்கறேன்னு வெளிய எங்கயும் சொல்லிப்போடாத. அசிங்கம்."

எதிரே ஆளே இல்லாத போட்டியில் அவர் ஜெயித்திருக்கிறார். அது தெரிந்த பிறகு கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. வரும் வழியெல்லாம் ஒரு முடிவுக்கு வந்தார். நூர்ஜானிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் காறித் துப்பட்டும், சந்து முழுக்கச் சொல்லட்டும், எதுவாக இருந்தாலும் சரி. துப்பினால்கூட முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். இது கழுவினாலும் போகிற மாதிரி இல்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நூர்ஜான் மட்டும் செக்கிங் மேஜையில் இருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மிணி, ஒரு விஷயம் சொல்லோணும். அன்னிக்கு பேங்க்ல லாக் ஒண்ணும் ஆகல."

அவள் கையில் இருந்த பனியனைத் திருப்பிப் போட்டாள். "தெரியுமுங்ணா."

"தெரியுமா? எப்படி அம்மிணி?" என்றார் மகுடேஸ்வரன்.

"தரணி தம்பி வியாழக்கெழம சாயங்காலமே வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வெச்சிருந்தாப்லைங்க. நீங்க மாலை போட்டுட்டுச் சேலையோட நிக்கறீங்க. மைக்குல தொகையும் சொன்னாங்க. சேச்சே, அண்ணன் வேற பணம் வெச்சிருப்பாருன்னு மனசத் தேத்திட்டுத்தான் வெள்ளிக்கெழம வந்தேன். உங்க மொகத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் அம்மிணி கேக்கல? சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாமல்ல? கேட்டிருந்தா அந்த நிமிஷமே ஊருக்கு ஓடி வாங்கியாந்திருப்பனே!"

"எப்படிங்ணா கேக்கறது?" நூர்ஜான் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "அது அம்மனுக்குப் போன பணம். நான் தொழுகை வெக்கறவ. சாமிக்குக் குடுத்ததை நூர்ஜான் திருப்பிக் கேட்டான்னு ஒருத்தரு வாயில வந்தாப் போதும். இந்தச் சந்துல நாங்க குடியிருக்க முடியுங்களா?"

அது அவருக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை. பந்தல் என்ன நினைக்கும் என்று அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தாரே, அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி இவளும் உட்கார்ந்து ஊர் என்ன சொல்லும் என்று யோசித்திருக்கிறாள். அவர் யோசித்தது மானத்தை. இவள் யோசித்தது மகளோடு எங்கே போய் இருப்பது என்பதை.

"அனத்துகிட்ட நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன் அம்மிணி" என்றார்.

"ஐயோ, வேண்டாங்ணா!" அவள் பதறிவிட்டாள். "முதலாளி மாமா அன்னிக்குப் பணத்துக்கு எங்கெங்கயோ அலைஞ்சாரு, கெடைக்கலன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன். அவ அத நம்பித்தான் இங்க வர்றா. நீங்க சொல்லிட்டா உங்க மனசு லேசாயிரும். அவ வேலைய உட்டுட்டு மறுக்கா ஊட்ல ஒக்காந்து அழுவா. அடுத்த வருஷமாச்சும் அவளச் சேக்கோணுமுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இப்படியே இருந்துக்குங்க."

இப்படியே இருந்துக்குங்க. அவள் கோபத்தில் சொல்லவில்லை, வேண்டிக்கேட்டுத்தான் சொன்னாள். ஆனால் அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

சாயங்காலம் வாரச் சம்பளம் கொடுத்தார். ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அனம் வந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சத்தை எண்ணி, கைச்செலவுக்கு என்று கொஞ்சத்தை மட்டும் எடுத்து முடிந்துகொண்டாள். மிச்சத்தை மடித்து அவரிடமே நீட்டினாள்.

"மாமா, இத நீங்களே வெச்சிருங்க. வாராவாரம் குடுக்கறேன். ஊட்ல வெச்சா அத்தா மறுபடியும் எதாச்சும் வண்டி போட்டுருவாரு. அடுத்த வருஷம் காலேஜ் தொறக்கறப்ப உங்ககிட்டயே வாங்கிக்கறேன்."

மகுடேஸ்வரன் அவள் தோளுக்கு மேலாக நூர்ஜானைப் பார்த்தார். அவள் பனியன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"வாங்கிக்குங்ணா" என்றாள் நூர்ஜான், தலையைத் தூக்காமல். "புள்ள நீட்டிட்டு நிக்கறா."

மகுடேஸ்வரன் வாங்கிக்கொண்டார்.